தண்ணி வர்ற வழி

காலை ஏழரை மணிக்கு மீன்சுருட்டிக் கடைத்தெருவில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். விக்கிரவாண்டியிலிருந்து சேத்தியாத்தோப்பு வழியாகக் கும்பகோணம் போகும் சாலையும், திருச்சியிலிருந்து ஜெயங்கொண்டம் வழியாகச் சிதம்பரம் போகும் சாலையும் கூடுகிற ஊர் இது. டீக்கடை பாய்லரில் ஆவி பறக்கும். சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்து ஷேர் ஆட்டோவிலும் அப்பாவின் பைக்கிலும் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, கையில் சாப்பாட்டுக் கூடை. சிலர் ஜெயங்கொண்டம் பஸ்ஸுக்கு, சிலர் காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பக்கம், சிலர் கும்பகோணத்துக்கு. பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். எட்டு மணிக்குள் அத்தனை பேரும் ஏறிப் போய்விடுவார்கள். அதன்பிறகு கடைத்தெருவில் நரைத்த தலைகள்தான் மிச்சம்.

இதே இடத்தில் நாற்பது வருடத்துக்கு முன்னால் நான் பார்த்தது வேறு. அன்று கல்லூரிதான் எங்களிடம் வந்து இறங்கியது.

நான் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்போது எங்கள் பக்கமெல்லாம் திருச்சி மாவட்டம். பிறகு பெரம்பலூர் மாவட்டமானது. 2001-இல் அரியலூர், 2002-இல் மறுபடி பெரம்பலூர், 2007 நவம்பரிலிருந்து திரும்பவும் அரியலூர். ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது, முகவரிதான் மாறிக்கொண்டே போனது. ஒரு மாசி மாதம், டவுன் கல்லூரி ஒன்றிலிருந்து நாற்பது மாணவர்கள் ஒரு பழைய லாரியில் வந்தார்கள். லாரியில் அண்டா, குண்டான், ஜமுக்காளம், அரிசி மூட்டை, இருபது மண்வெட்டி. பத்து நாள் முகாம். எங்கள் பள்ளிக்கூடத்தின் இரண்டு வகுப்பறைகளை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். நாங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து படித்தோம், அதாவது படித்த மாதிரி உட்கார்ந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். பேண்ட் போட்ட அண்ணன்கள் நாற்பது பேரை ஒரே இடத்தில் அதுவரை நாங்கள் பார்த்ததில்லை.

ஊரிலிருந்து காலனித் தெருவுக்குப் போக மண் ரோடு போடுவதுதான் அந்த முகாமின் வேலை. காலை ஆறு மணிக்கு விசில் ஊதும். வரிசையாக நின்று பாட்டுப் பாடிவிட்டு மண் வெட்டப் போவார்கள். மூன்றாம் நாளே பாதிப் பேருக்கு உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. எங்கள் அப்பாயி ஒரு கிண்ணத்தில் விளக்கெண்ணெயோடு போய் வேலை நடக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு பையனின் கையையும் இழுத்து வைத்துத் தடவிவிட்டபடி, "ஏஞ் சாமி, படிக்கிற புள்ளைவோள மண்ணு வெட்டச் சொல்லி அனுப்புனது யாரு? ஒங்க வூட்டுல தெரியுமா?" என்று கேட்பார். அவர்கள் சிரிப்பார்கள். ஒரு பையன் மட்டும் கண் கலங்கினான். அவனுக்கு அவன் வீட்டு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

ராத்திரி பள்ளிக்கூடத்து வாசலில் பெட்ரோமாக்ஸ் விளக்கு எரியும். நாடகம் போடுவார்கள், குடியின் கேட்டைச் சொல்வார்கள், கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்குச் சிலேட்டில் எழுதிக் காட்டுவார்கள். அதில் ஓர் அண்ணன்தான், கல்லூரி என்றால் என்ன, அதில் சேர என்ன படிக்க வேண்டும், விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர். இன்று இந்த நாலு வரி எழுதுகிற கைக்கு அந்த அண்ணனுக்கும் ஒரு கடன் உண்டு. அவர் பெயர்கூட எனக்கு நினைவில் இல்லை.

ஆனால் அந்த ரோடு நிற்கவில்லை. ரோடு போகிற தடத்தைப் பார்த்ததும் எங்கள் தாத்தா முகாமுக்குப் பொறுப்பாக வந்த ஆசிரியரிடம் போய்ச் சொன்னார்: "இது தண்ணி வர்ற வழி தம்பி. ரெண்டு எடத்துல கொழா பதிச்சுட்டு அதுமேல மண்ணு போடுங்க." மேட்டுக்காட்டில் பெய்கிற மழை அந்த வழியாகத்தான் சரிந்து வந்து ஏரியில் விழும். மாசி மாதத்தில் பார்ப்பவர்களுக்கு அது வெறும் காய்ந்த பள்ளம். அந்த ஆசிரியர் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார். ஆனால் திட்டத்தில் குழாய்க்குப் பணம் இல்லை, பத்து நாளில் வேலையை முடித்துக் காட்டவும் வேண்டும். ரோடு போட்டார்கள். கடைசி நாள் பெரியவர்கள் வந்து பேசினார்கள், போட்டோ எடுத்தார்கள், லாரி போய்விட்டது. ஐப்பசியில் அடைமழை பிடித்தபோது ரோட்டுக்கு மேல்புறம் இடுப்பளவு தண்ணீர் தேங்கி, நாற்று நட்டிருந்த வயல்கள் முழுகின. ஏரிக்கும் தண்ணீர் போகவில்லை. ஒரு ராத்திரி அரிக்கேன் விளக்கோடு போய் ஊர்க்காரர்களே அந்த ரோட்டை வெட்டிவிட்டார்கள். தாத்தாவும் போயிருந்தார். திரும்பி வந்து காலைக் கழுவிக்கொண்டே, "பாவம், அந்தப் புள்ளைவோ கையெல்லாம் கொப்பளிச்சுப் போட்டது" என்றார். அந்தக் குரலில் கோபமே இல்லை.

அந்த முகாமை நடத்தியது நாட்டு நலப்பணித் திட்டம், எல்லார் வாயிலும் என்.எஸ்.எஸ். காந்தி நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24-ஆம் தேதி, அன்றைய மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் தொடங்கி வைத்தார். முதலில் 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். நாட்டில் கஞ்சிக்கே பஞ்சம் இருந்த காலம் அது. 1973-இல் பஞ்சத்தை எதிர்த்து இளைஞர்கள் என்றும், அதற்கடுத்து அழுக்கையும் நோயையும் எதிர்த்து இளைஞர்கள் என்றும் தலைப்பு வைத்து முகாம் நடத்தினார்கள். அதற்கு முன்பே தாகூர் 1922-இல் ஸ்ரீநிகேதனில் ஊர்ப்புற வேலையைத் தொடங்கியிருந்தார். டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை உருவாக்கினார்கள். அங்கே 1956-இல் வந்த கிராமிய நிறுவனத்தில் ஊர்தான் பாடம். இத்தனை பேருக்குப் பின்னால் இருந்த எண்ணம் உயர்ந்த எண்ணம். படித்தவன் படிக்காதவனை மறந்துவிடுவான், அவனைக் கையைப் பிடித்து ஊருக்குள் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்தார்கள்.

அந்தக் காலத்துக்கு அது சரியாகவும் இருந்தது. ஏனென்றால் கல்லூரியும் ஊரும் அவ்வளவு தூரத்தில் இருந்தன. கும்பகோணம் கல்லூரி 1854-இல் வந்தது, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-இல் வந்தது. இரண்டும் எங்களுக்குப் பக்கம்தான், சிதம்பரம் நாற்பது கிலோமீட்டர் அளவில். ஆனால் எங்கள் தெருவிலிருந்து அந்தப் படிகளை ஏற அறுபது எழுபது வருடம் ஆனது. அரியலூரில் அரசுக் கலைக் கல்லூரி 1965-இல்தான் திறந்தது. அதுவும் எங்களுக்கு ஐம்பது கிலோமீட்டர்.

இந்த மண்ணில் படிப்புக்கும் ஊருக்கும் இருந்த பழைய உறவையும் இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரிலிருந்து சில கிலோமீட்டரில் கங்கைகொண்ட சோழபுரம். அங்கிருந்து ஆண்ட ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம் கோயிலில் இருக்கிறது. அந்த ஊரில் ஒரு பெரிய கல்விச்சாலை நடந்தது. இளநிலையில் 270 மாணவர், மேல்நிலையில் 70 பேர். ரிக் வேதத்துக்கு 75 பேர், யஜுர் வேதத்துக்கு 75 பேர், இலக்கணம் படித்தவர் இவ்வளவு, மீமாம்சை படித்தவர் இவ்வளவு என்று தலைவாரியாகக் கணக்கு. மாணவனுக்கு ஒரு நாளைக்கு எத்தனை நாழி நெல் என்பதுவரை கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே நேரத்தில் பெருமையும் வருத்தமும் வரும். நெல் உழுதவனுடையது. அவன் பிள்ளைக்கு அந்த 340 இடத்தில் ஓர் இடம்கூடக் கிடையாது. கல்விச்சாலைக்கு ஊர் சோறு போட்டது, ஆனால் வாசலுக்கு உள்ளே போக முடியவில்லை.

வேறொரு மாதிரியும் உண்டு. உ.வே. சாமிநாதையர் 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராகச் சேரும் முன், சிறுவயதில் படித்ததில் ஒரு பங்கு எங்கள் மாவட்டங்களில்தான். அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை என்று ஊருக்கு ஊர் தமிழ் சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தார்கள். தகப்பனார் ராமாயணக் கதை சொல்ல, ஊரார் நெல்லும் பணமும் கொடுத்து அந்தக் குடும்பத்தைத் தாங்கினார்கள். ஒரு பையனின் படிப்புக்காக ஒரு ஊர் தோள் கொடுத்த கதை அது. என் சரித்திரத்தில் அவரே நன்றியோடு எழுதியிருக்கிறார்.

இப்போது இன்றைக்கு வருகிறேன்.

2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47. நாடு முழுவதற்கும் 28 சொச்சம். ஆண் பெண் வித்தியாசம் ஏறக்குறைய இல்லை. இதில் எங்கள் மாவட்டத்தின் தொடக்கம் எங்கே இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு, அரியலூரில் 71-ஐ ஒட்டித்தான். அந்த வீடுகளிலிருந்துதான் இன்றைய பிள்ளைகள் பஸ் ஏறுகிறார்கள். ஜெயங்கொண்டத்திலேயே அரசுக் கலை அறிவியல் கல்லூரி வந்துவிட்டது, காட்டுமன்னார்கோவிலிலும் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்கு 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, 2024 ஆகஸ்டிலிருந்து பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன். "முதல் பட்டதாரி" என்று ஒரு சான்றிதழ் இருக்கிறது. அந்தக் குடும்பத்தில் இதற்குமுன் யாரும் பட்டம் வாங்கியதில்லை என்று அரசாங்கம் எழுதிக் கொடுக்கும் காகிதம். கட்டணச் சலுகைக்காகத்தான் வாங்குகிறார்கள். ஆனால் அந்த ஒரு வரிக்குள் எத்தனை தலைமுறை நிற்கிறது என்று யோசித்தால் அதைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டி வைக்கலாம் என்று தோன்றும்.

ஆகவே, கல்லூரி என்பது இப்போது ஊருக்கு வெளியே இருக்கிற ஒன்றில்லை. வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிற அறுபது பேரில் ஐம்பது பேர் சுற்றுவட்டாரத்து ஊர்களைச் சேர்ந்தவர்கள். சலுப்பையும் குண்டவெளியும் முத்துசேர்வாமடமும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன. கல்லூரி மட்டும் இன்னும் 1969-இல் இருந்தபடியே ஊரை வெளியில் தேடிக்கொண்டிருக்கிறதோ என்பதுதான் எனக்குள்ள கவலை.

சொல்கிறேன். போன வருடம் எங்கள் பக்கம் ஒரு முகாம் நடந்தது. இப்போதெல்லாம் ஏழு நாள். கோயில் வளாகத்தைச் சுத்தம் செய்தார்கள், மரக்கன்று நட்டார்கள், ஒரு விழிப்புணர்வு ஊர்வலம், ஒரு மருத்துவ முகாம். பதாகை பளபளவென்று இருந்தது. தொப்பி போட்ட ஒரு பெண் பிள்ளை கையில் துடைப்பத்தோடு நின்றது. நான் பேச்சுக் கொடுத்தேன். பக்கத்து ஊர்தான். விடியற்காலை எழுந்து தன் வீட்டு வாசலைப் பெருக்கிச் சாணி தெளித்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, இங்கே வந்து மறுபடி பெருக்கிக்கொண்டிருந்தது. "ஒங்க ஊருல என்ன பிரச்சினம்மா?" என்றேன். கேட்டதுதான் தாமதம். ஆழ்குழாய்த் தண்ணீர் வருடா வருடம் கீழே போவது, ஏரிக்கு வரத்து வாய்க்கால் எந்த இடத்தில் தூர்ந்தது, முந்திரிக்கு இந்த வருடம் என்ன விலை போனது, எந்த வீட்டுப் பெண்ணுக்குப் பதினேழு வயதில் கல்யாணம் பேசுகிறார்கள் என்று மூச்சு விடாமல் சொன்னது. "இதெல்லாம் ஒங்க சார்கிட்ட சொன்னியா?" என்றேன். "அவங்க கேக்கலைங்களே" என்றது.

எங்கள் தாத்தா கேட்காமலே போய்ச் சொன்னார். இந்தப் பிள்ளை கேட்டால் சொல்லக் காத்திருக்கிறது.

முகாம் வேலைகளில் ஒரு மாற்றம் யாரும் திட்டமிடாமலே நடந்தது. 2006-இல் நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டம் தொடங்கியது. குளம் தூர் வாருவதும் வாய்க்கால் வெட்டுவதும் கூலி வாங்கிச் செய்கிற வேலையாக ஆனது. தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போனவர்களில் பத்தில் எட்டுக்கு மேல் பெண்கள். அவர்கள் அந்தக் குளத்தில் நாளெல்லாம் மண் சுமந்தவர்கள். அதே குளக்கரையில் அவர்கள் பெற்ற பிள்ளைகளே முகாமுக்கு வந்து ஒரு மணி நேரம் மண்வெட்டி பிடிப்பதில் யாருக்கு என்ன பயன்? மண்வெட்டி பிடிக்கத் தெரியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு வைத்த பாடம், மண்வெட்டியிலிருந்து தப்பித்துப் படிக்க வந்த பிள்ளைகளுக்கும் அப்படியே வைக்கப்படுகிறது. உடல் உழைப்பு கூடாது என்று நான் சொல்லவரவில்லை. இந்தப் பிள்ளைகளிடம் இருக்கிற வேறொரு பலத்தைக் கல்லூரி கண்டுகொள்ளவில்லை என்பதே என் ஆதங்கம்.

எனக்கு உறுத்துகிற ஒரு சொல் 'தத்தெடுப்பு'. என்.எஸ்.எஸ். காலத்திலிருந்தே கல்லூரிகள் கிராமத்தைத் தத்தெடுக்கின்றன. 2014-இல் வந்த உன்னத் பாரத் அபியான் திட்டத்தில் ஒரு கல்வி நிறுவனம் ஐந்து ஊர்களைத் தத்தெடுக்க வேண்டும். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையைத்தானே தத்தெடுப்பார்கள்? ஆயிரம் வருடம் ஏரி வெட்டி, மதகு வைத்து, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிய ஊருக்கு அந்தச் சொல் பொருந்தவே இல்லை. அந்த ஊர்ப் பிள்ளை அதே கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருக்கும்போது இன்னும் பொருந்தவில்லை.

சொல்லை விட்டுவிட்டுப் பார்த்தால், அந்தத் திட்டங்களுக்குள் நல்ல விதையும் இருக்கிறது. அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். மருத்துவம் படிக்கிற ஒவ்வொரு மாணவரும் முதல் வருடத்திலிருந்தே கிராமத்தில் சில குடும்பங்களோடு தொடர்ந்து பழகி, அவர்கள் உடல்நலத்தைக் கவனித்துவர வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் விதி வைத்திருக்கிறது. ஏழு நாள் முகாமுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம். ஒரே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போகிறவன் அந்த வீட்டு அடுப்பு விறகா கேஸா என்று பார்ப்பான். பாட்டி மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்தினாள் என்று கேட்பான். மாத்திரை வாங்க மீன்சுருட்டிக்கு வர ஆட்டோவுக்குக் காசில்லை என்ற பதில் வரும். பாடப்புத்தகத்தில் இல்லாத அந்தப் பதிலுக்காகத்தான் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது.

இன்னொன்று நான் கண்ணால் பார்த்தது. வேளாண்மை படிக்கிற மாணவர்கள் கடைசி வருடத்தில் ஊர்களில் தங்கி விவசாயிகளோடு வேலை செய்வார்கள், கிராமத் தங்கல் என்பார்கள். அதில் ஒரு நாள், ஊர்க்காரர்களையே வைத்து ஊரின் படத்தை வரையச் செய்வது வழக்கம். பக்கத்து ஊர் மாரியம்மன் கோயில் திடலில் அப்படி ஒரு காலை. மாணவிகள் நாலு நிறத்தில் கோலமாவு வாங்கி வந்திருந்தார்கள். பெஞ்சுப் படிப்புப் படித்த நாமெல்லாம் ஊரை வரை என்றால் ரோட்டிலிருந்து தொடங்குவோம். அந்த மாணவிகளும் முதலில் வெள்ளை மாவில் தார் ரோட்டைத்தான் இழுத்தார்கள். கூட்டத்திலிருந்து ஒரு பாட்டி எழுந்து வந்தார். எழுபது வயது இருக்கும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "மாவ இங்க குடு கண்ணு" என்று நீல மாவை வாங்கினார். மேற்கே ஒரு புள்ளி வைத்தார். அங்கிருந்து கையை எடுக்காமல் ஒரு கோடு. அது வளைந்து, இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை ஏரிக்குள் விழுந்தது, இன்னொன்று களத்துமேட்டைச் சுற்றிக்கொண்டு போனது. "இப்புடித்தான் தண்ணி வரும். இந்த எடத்துல வூடு கட்டிட்டாவோ. அதான் இப்ப வர்றதில்ல" என்று ஓர் இடத்தில் விரலால் மாவைக் கலைத்தார். அதுவரை சும்மா நின்றுகொண்டிருந்த ஆண்கள் அத்தனை பேரும் குனிந்து, இல்லை பெரியம்மா, இன்னும் கொஞ்சம் வடக்கே என்று சண்டை பிடிக்க ஆரம்பித்தார்கள். மாணவிகள் நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினார்கள். நாற்பது வருடத்துக்கு முன் எங்கள் தாத்தா சொன்னதைக் குறித்துக்கொள்ள அங்கே ஒரு நோட்டு இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் படம் மறுநாள் காற்றில் போய்விட்டது. தாளில் எடுத்ததை மாணவிகள் கொண்டுபோனார்கள், அவர்களுக்கு மதிப்பெண் கிடைத்திருக்கும். ஊரில் ஒரு பிரதிகூட இல்லை. கல்லூரிகளிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை: எழுதிக்கொண்டு போனதை ஊருக்குத் திருப்பிக் கொடுங்கள். ஒரு தாள் கிராமசபையில் இருக்கட்டும், இன்னொன்று பள்ளிக்கூடத்துச் சுவரில் மாட்டட்டும்.

இதையே வரலாறு, தமிழ்த் துறைகளும் செய்யலாம். எங்கள் பகுதியில் ஊர்ப் பெயரே ஒரு பாடநூல். உட்கோட்டை, ஆயுதகளம், மெய்க்காவல்புத்தூர், வீரசோழபுரம், மாளிகைமேடு. ஒவ்வொன்றும் ஒரு தலைநகரத்தின் உறுப்பு. மாளிகைமேட்டில் 1980-களிலிருந்து மாநிலத் தொல்லியல் துறை அகழ்ந்து அரண்மனைச் செங்கல் சுவர்களை வெளியே கொண்டுவந்தது. கங்கைகொண்ட சோழபுரம் கோயில் 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. பாண்டியனின் மீன் கொடியைச் சுருட்டிய இடம்தான் மீன்சுருட்டி என்று எங்கள் ஊரில் ஒரு கதை சொல்வார்கள். கதை மெய்யோ பொய்யோ, அதைச் சொல்கிற வாய் இன்னும் இருக்கிறது, அந்த வாயின் பேத்தி கல்லூரியில் பி.ஏ. வரலாறு படிக்கிறாள். அவளைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்ய விட்டுவிட்டு, ஊர்க் கதைகளைத் திரட்ட வெளியிலிருந்து ஆராய்ச்சியாளர் வர வேண்டுமா? கல்லூரிப் படிப்பே இல்லாத கி. ராஜநாராயணனைப் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அழைத்துப் பேராசிரியர் நாற்காலியில் உட்கார வைத்து நாட்டார் கதைகளைத் திரட்டச் சொன்னது. ஊருக்குள் இருக்கிற அறிவுக்கு ஒரு பல்கலைக்கழகம் எழுந்து நின்று மரியாதை செய்த சம்பவம் அது. ஒவ்வொரு கல்லூரியும் வருடத்தில் ஒரு நாளாவது மடை திறக்கிற நீர்க்கட்டியையும், முந்திரி ஒட்டுக் கட்டுகிறவரையும், பிரசவம் பார்த்த கிழவியையும் அழைத்து மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைக்கட்டுமே.

2025 ஜூலையில் ஆடித் திருவாதிரைக்குக் கங்கைகொண்ட சோழபுரம் விழாக்கோலம் பூண்டது. பிரதமரே வந்து போனார். ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கத்தை, நாங்கள் பொன்னேரி என்று சொல்கிற ஏரியை, 12 கோடி ரூபாயில் சீரமைப்பதாக மாநில அரசு அறிவித்தது. வெற்றித்தூணைக் கல்லில் நடாமல் நீரில் நட்டான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அந்த ஏரியைப் பற்றிப் பேசுகிறது. கரை பலப்படும், மதகு சரியாகும். அந்த ஏரிக்குத் தண்ணீர் எந்தெந்த ஓடை வழியாக வந்தது, எங்கே அடைபட்டது என்று கேட்டால் கரையைச் சுற்றியிருக்கிற ஊர்களில் சொல்ல ஆள் உண்டு. பொறியாளருக்கும் அந்தப் பெரியவர்களுக்கும் நடுவில் நின்று இரண்டு மொழியும் பேசக்கூடியவர்கள் காலை ஏழரை மணி பஸ்ஸில் போகிற பிள்ளைகள்தான். அவர்களுக்கு எக்செல் தெரியும், ஏரியின் கலங்கலும் தெரியும்.

உண்மையில் அவர்கள் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். யாரும் அதற்கு மணிக்கணக்கு எழுதுவதில்லை. என்.எஸ்.எஸ். மாணவர் இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும் என்று விதி. எங்கள் தெருவில் பி.காம். படிக்கிற ஒரு பிள்ளை ஒரு மாதத்திலேயே அதில் கால்வாசியைச் செய்துவிடும். பட்டா எடுத்துக் கொடுப்பது, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவது, கூலிப் பணம் வங்கியில் ஏறிவிட்டதா என்று போனில் பார்த்துச் சொல்வது, துபாயில் இருக்கிற மகனோடு வீடியோ கால் போட்டுக் கொடுப்பது. முன்பெல்லாம் இதற்கு மணியக்காரர் வீட்டு வாசலில் கைகட்டி நிற்க வேண்டும். இப்போது, "பாப்பா வந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டு அந்தப் பிள்ளை வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருகிறார்கள்.

சாயங்காலம் ஐந்தேகால் இருக்கும், நேற்று கடைத்தெருவில் நின்றுகொண்டிருந்தேன். சிதம்பரம் பஸ் வந்து நின்றது. பிள்ளைகள் இறங்கினார்கள். நிழற்குடை ஓரமாகக் காத்திருந்த ஒரு பெரியவர், ஒரு பெண் பிள்ளையைப் பார்த்ததும் எழுந்தார். மடியிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். முதியோர் உதவித்தொகைக் கடிதம் என்று தெரிந்தது. அந்தப் பிள்ளை பையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, வெளிச்சம் படுகிற பக்கமாகத் திரும்பி, காகிதத்தை முழுக்கப் படித்தது. "தாத்தா, ஆதார்ல ஒங்க பேரு ஒரு மாதிரி இருக்கு, பாஸ்புக்குல வேற மாதிரி இருக்கு. அதான் நிறுத்தி வச்சிருக்காங்க. நாளைக்குக் காலையில ரெண்டையும் எடுத்துக்கிட்டு வாங்க" என்றது. "எத்தன மணிக்கு வரட்டும் பாப்பா?" என்றார் அவர்.

"ஏழு மணிக்கு வாங்க தாத்தா. ஏழரைக்கு எனக்கு பஸ்."